மூணாம் நம்பர் வந்த நேரம்

அந்த வீட்டுக்குள் நுழைய அமலாவுக்கு முப்பது விநாடிதான் அவகாசம். சாவியைத் திருப்பிக் கதவைத் தள்ளியதுமே மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இரும்புப் பெட்டி 'கீ, கீ' என்று கத்த ஆரம்பிக்கும். முப்பது எண்ணுவதற்குள் கூடத்துச் சுவரில் பதித்திருக்கும் பட்டன் பலகையில் தன்னுடைய நான்கு எண்களைத் தட்டி, பச்சைப் பட்டனை அமுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் போர்டிகோவுக்கு மேலே மாட்டியிருக்கும் சைரன் தெருவையே கூட்டிவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அமலா இரண்டு தடவை கூட்டியவள்தான். அப்புறம் பழகிவிட்டது. திரும்பிப் போகும்போதும் அதே பாடுதான். எண்களைத் தட்டி, சிவப்புப் பட்டனை அமுக்கி, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நாற்பத்தெட்டு வயதில் இப்படி ஓட வைக்கிற வேலை திண்டிவனத்தில் வேறு யாருக்கும் வாய்த்திருக்காது.

வீடு சக்கரபாணியுடையது. கடைத்தெருவில் உரக்கடை வைத்திருந்தவர். பதினைந்து வருடங்களுக்கு முன்னால் தெருவில் அடுத்தடுத்து இரண்டு வீடுகளில் திருடு போனபோது, சென்னையிலிருந்து ஆளை வரவழைத்து இந்த அலாரத்தைப் போட்டார். ஒவ்வொரு கதவிலும் ஜன்னலிலும் விரல் நீளத்துக்கு ஒரு காந்தம், அதற்கு எதிரே ஒரு வெள்ளை டப்பா, அங்கிருந்து சுவரோடு சுவராக வயர். எல்லா வயரும் போய்ச் சேருமிடம் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பெட்டி. செல்போனிலேயே வீட்டைப் பார்க்கிற காலம் வந்த பிறகும் மனிதர் அதை மாற்ற மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். மனைவி இறந்த பிறகு, போன வருடம் விழுப்புரத்தில் இருக்கும் மகன் வீட்டோடு போய்விட்டார். பூட்டிய வீட்டைப் புதனும் சனியும் மூன்று மணிக்குத் திறந்து, பெருக்கித் துடைத்து, செடிகளுக்குத் தண்ணீர் விட்டு, ஐந்து மணிக்குள் பூட்டிக்கொண்டு போவது அமலாவின் வேலை.

பெட்டிக்குத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஒன்றாம் நம்பர் சக்கரபாணி. இரண்டாம் நம்பர் அவர் மகன். மூன்றாம் நம்பர் அமலா. ஆளுக்கு ஒரு ரகசிய எண். அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று சக்கரபாணி மூன்று தடவை சொல்லியிருந்தார். அமலாவும் யாரிடமும் சொல்லவில்லை, கணவன் தென்னரசுவிடம் மட்டும்தான் சொன்னாள். கட்டியவனிடம் சொல்வது ஊருக்குச் சொல்வதில் சேருமா என்ன?

அமலா பொறுப்பான பொம்பளை. இரண்டு மாதத்துக்கு முன்னால் பக்கத்துத் தெருவில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டில் பிரிட்ஜ் பற்றிக்கொண்டு சமையலறையே கருகிப்போனது. அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, வேலை முடிந்து போகும்போது போர்டிகோவில் மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் மெயினை அணைத்துவிட்டுத்தான் கேட்டைச் சாத்துவாள். வரும்போது முதல் வேலை மெயினைப் போடுவது. ஆள் இல்லாத வீட்டில் கரண்டு எதற்கு ஓட வேண்டும்? குழாயை இறுக்கி மூடுகிற மாதிரி ஒரு காரியம். இதையெல்லாம் யாரும் யாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பதில்லை.

அதற்கப்புறம்தான் சைரன் தானாக அடிக்க ஆரம்பித்தது. அமலா பூட்டிவிட்டுப் போய் இரண்டு மணி நேரம் கழித்து, ஆள் அரவமே இல்லாத வீட்டில், கால் மணி நேரம் அலறிவிட்டு அதுவே ஓய்ந்துவிடும். எதிர்வீட்டுப் பொன்னி டீச்சர் முதல் தடவை பயந்தார், இரண்டாம் தடவை திட்டினார், மூன்றாம் தடவை விழுப்புரத்துக்கு போன் போட்டார். அமலாவும் தன்னால் ஆனதைச் செய்து பார்த்தாள். காந்தங்களைத் துணி போட்டுத் துடைத்தாள். கொல்லைக் கதவின் ஆட்டத்துக்கு அட்டையை மடித்துச் செருகினாள். பெட்டிக்குப் பின்னால் குடியிருந்த பல்லியை விளக்குமாற்றால் விரட்டினாள். பல்லி போய்விட்டது, சைரன் போகவில்லை. ஒன்றும் புரியாமல் பட்டன் பலகைக்கு எதிரே நின்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, சக்கரபாணியிடமிருந்து போன் வந்தது. வீட்டுக்கு வந்திருக்கிறாராம், உடனே வரவேண்டுமாம்.

அவள் போனபோது மனிதர் பட்டன் பலகைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முகம் சரியில்லை.

"அமலா, இங்க வா. இதப் படி."

பலகையின் சின்னக் கண்ணாடியில் எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. யார் எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள் என்று பெட்டி தனக்குள் எழுதி வைத்துக்கொள்ளுமாம். அது இத்தனை நாளும் அமலாவுக்குத் தெரியாது. அந்தக் காலத்துப் பெட்டி, அதனால் தேதி காட்டாது, ஆள் நம்பரும் மணியும் மட்டும்தான். அதுவும் கடைசி சில வாரங்களின் வரிகள்தான் இருக்கும், பழையது அழிந்துவிடும். சக்கரபாணி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். மூன்றாம் நம்பர், திறந்தது, இரவு 12:01. மூன்றாம் நம்பர், பூட்டியது, இரவு 1:40. மறுபடியும் மூன்றாம் நம்பர், இரவு 12:02. பூட்டியது, இரவு 1:45. மறுபடியும். மறுபடியும். அமலா பதினாறு வரைக்கும் எண்ணினாள். அதற்கு மேல் கண்ணாடியில் இருந்த எழுத்து அவளுக்குத் தெரியவில்லை.

"நான் மூணு மணிக்குத்தான் சார் வர்றேன். சாயங்காலம் மூணு மணிக்கு."

"அதத்தான் நானும் கேக்குறேன். பகல் மூணு மணின்னு இதுல ஒரு எடத்துலயாவது இருக்கா? நீயே பாரு."

இல்லை. ஒரு இடத்தில்கூட இல்லை. வேலைக்கு வந்த நேரத்தில் அவள் வரவே இல்லை, வராத நேரத்தில் வந்திருக்கிறாள்.

"எதுவும் காணாம போச்சா சார்?"

"ஒரு ஸ்பூன் கூடக் காணோம்னு இல்ல. அதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு. திருட வரலன்னா, நடுராத்திரி ஒண்ணே முக்கால் மணி நேரம் இங்க என்ன வேலை? உன்கூட யாரு வந்தாங்க?"

அந்தக் கேள்வி எங்கே போய் நிற்கிறது என்பது அமலாவுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"சார், மாதா சத்தியமா நான் வரல. ராத்திரி எட்டரைக்குப் படுத்தா எனுக்குக் காலையிலதான் கண்ணு தொறக்கும்."

"உன் வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட்தானே? நீ வீட்லதான் இருந்தேன்னு யாரு சொல்லுவாங்க?"

சக்கரபாணி கெட்ட மனிதர் இல்லை. அதனால்தான் அவர் குரலை உயர்த்தாமல் சொன்னது இன்னும் வலித்தது. "நாளைக்குப் பத்து மணிக்கு அலாரம் ரிப்பேர்காரர் வர்றாரு. நம்பரையெல்லாம் மாத்தப் போறேன். அதுக்குள்ள உண்மையச் சொல்லிடு. இல்லன்னா நான் ஸ்டேஷனுக்குத்தான் போகணும். பூட்டின வீட்ல யாரோ வந்துபோறாங்கன்னா நான் எப்படி சும்மா இருக்க முடியும்?"

வீட்டுக்கு நடக்கும்போது அமலாவுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. தூக்கத்தில் எழுந்து நடக்கிறோமோ? அப்படி நடந்தால் நாய்கள் விடுமா? ஏரிக்கரையைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் போய், கேட்டைத் திறந்து, முப்பது விநாடிக்குள் நம்பரைத் தட்டி, ஒன்றே முக்கால் மணி நேரம் வீடு துடைத்துவிட்டு வந்து படுத்திருக்க வேண்டும். விழித்திருக்கும்போதே இவ்வளவும் செய்தால் முட்டி வலிக்கிறது. காலையில் பாதத்தில் மண் ஒட்டியிருந்ததா என்றுகூட யோசித்துப் பார்த்தாள். பெட்டி பொய் சொல்லுமா? அதற்கு என்ன, அவள் மேல் முன்விரோதமா?

சாயங்காலம் தென்னரசு தூங்கி எழுந்ததும் எல்லாவற்றையும் கொட்டினாள். புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் அவனுக்கு ராத்திரி வேலை. ஏழு மணிக்கு வேன் வந்து கூட்டிக்கொண்டு போகும், காலை எட்டு மணிக்குக் கொண்டுவந்து விடும். ஒரு காலத்தில் குடித்துக் குடித்து எல்லா வேலையையும் தொலைத்தவன். தொடுவதில்லை என்று சாமியார் முன்னால் சொல்லி நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. கோயிலில் இப்போது காணிக்கைத் தட்டு எடுப்பதே அவன்தான்.

அவன் டீயைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். நடுவில் இரண்டே இரண்டு கேள்விதான் கேட்டான்.

"ராத்திரி ஒரு மணின்னா காட்டுது?"

"பன்னெண்டு மணிக்கு வந்து ஒண்ணே முக்காலுக்குப் போறனாம். எனுக்கு ஒண்ணியும் புரியலய்யா. பெரிய பேஜாரா போச்சு."

"உன் நம்பர்தானா?"

"என் நம்பர்தான். அத உன்னத் தவிர யாருகிட்டயும் நான் சொல்லல."

அவன் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வேனுக்குப் போய்விட்டான். 'பாத்துக்கலாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் ஒன்றும் சொல்லாமல் போனான் என்று அவள் நினைத்துக்கொண்டே இருந்தாள். நம்பர் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தானே என்ற நினைப்பு வந்ததும் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். அந்த நினைப்பு பாத்திரத்தோடு போகவில்லை.

திங்கட்கிழமை காலை வேனிலிருந்து இறங்கியவன் முகம் கழுவிவிட்டு, "வா, நானும் வர்றேன்" என்றான். டிவிஎஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனான்.

சக்கரபாணி கூடத்தில் இருந்தார். ரிப்பேர்காரர் கோபி அப்போதுதான் வந்து, பையை இறக்கி வைத்துப் பெட்டியின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். நரைத்த தாடியும் நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடியுமாக இருந்தார். எதிர்வீட்டுப் பொன்னி டீச்சரும் வந்திருந்தார். டீச்சர் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

அமலா வாயைத் திறப்பதற்குள் தென்னரசு முன்னால் போய் நின்றான்.

"சார், அவ மேல தப்பு இல்ல. நான்தான் வந்தேன்."

கோபியின் கையில் ஸ்குரூ டிரைவர் அப்படியே நின்றது.

"நம்பர் எனுக்குத் தெரியும். சாவிய அவ தூங்கறப்போ எடுத்துக்கினு வந்துடுவேன். வேன்ல ஏறாம நின்ன நாளுல்லாம் இங்கதான் வந்தேன். குடிக்கறதுக்கு சார். வெளிய குடிச்சா கோயில்ல தெரிஞ்சிடும். இங்க ஒக்காந்து குடிச்சிட்டு, எல்லாத்தையும் சுத்தம் பண்ணிட்டுப் போயிடுவேன். ஸ்டேஷனுக்குக் கூட்டினு போறதா இருந்தா என்னக் கூட்டினு போங்க."

அமலா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் பளிச்சென்று புரிந்தது. காலையில் அவன் கண்கள் சிவந்து வந்த நாட்கள், அதெல்லாம் தூக்கம் கெட்டதால் இல்லை. நேற்று ஒன்றும் சொல்லாமல் போனது எதற்கு என்பதும் தெரிந்துவிட்டது. மூன்று வருடமாக அவள் நிம்மதி என்று நினைத்தது முழுவதும் ஏமாற்று. இருந்த இடத்திலிருந்து பாய்ந்து போய் அவன் தோளில் ஓங்கி ஓர் அறை வைத்தாள்.

"பாவி! பூசையில தட்டு எடுக்கறியேய்யா! மூணு வருஷமா என்ன ஏமாத்திக்கினா இருந்த? உன்னால நான் திருட்டுப் பட்டம் கட்டிக்கினு நிக்கறேனே!"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பொன்னி டீச்சர் "எனக்கு அப்பவே தெரியும்" என்றார். அவருக்கு எது தெரியும் என்பது கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. சக்கரபாணி ஒரு பெருமூச்சு விட்டார். அவருக்கும் ஒரு பாரம் இறங்கிய மாதிரிதான் இருந்தது.

"சார், ஒரு நிமிஷம்" என்றார் கோபி. "இந்த பேட்டரிய எப்ப மாத்தினீங்க?"

பெட்டிக்குள் செங்கல் அளவுக்கு ஒரு கறுப்பு பேட்டரி, பக்கவாட்டில் உப்பிப்போய்க் கிடந்தது. கரண்டு போனால் பெட்டி இதை வைத்துத்தான் உயிரோடு இருக்கும் என்றார் கோபி. அதில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "செத்துப்போயிடுச்சு சார். அடிக்கடி சுத்தமா காலி பண்ணினாத்தான் இப்படி ஆகும். இங்க கரண்டு நிறைய போகுதா?"

"அப்படியெல்லாம் போறதில்லையே" என்றார் சக்கரபாணி.

"பின்ன மெயின யாரு அணைக்கறது?"

"நான்தான்" என்றாள் அமலா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அவளுக்கு இருந்த ஆத்திரத்தில் இந்தக் கேள்வி எரிச்சலாக இருந்தது. "பூட்டிக்கினு போறப்போ அணைப்பேன். வர்றப்போ போடுவேன். பூட்டின வீட்ல கரண்ட விட்டுட்டா போவாங்க?"

"அதானே" என்றார் சக்கரபாணி. தன் வாழ்நாளில் வீட்டைப் பூட்டி மெயினை அணைக்காமல் ஊருக்குப் போனவரில்லை அவர். நேற்று வந்ததும் தாமே மெயினைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். அது அணைந்திருந்ததே அவருக்கு ஒரு விஷயமாகப் படவில்லை.

கோபி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பேட்டரியின் வயரைப் பிடுங்கிவிட்டு, "அக்கா, போய் மெயின அணைங்க" என்றார்.

அமலா போய் அணைத்தாள். பெட்டியின் விளக்கு அவிந்தது. மறு நொடியே போர்டிகோ சைரன் அலறியது. பொன்னி டீச்சர் காதைப் பொத்திக்கொண்டார். "போடுங்க!" என்று கோபி கத்தினார். மெயினைப் போட்டதும் சைரன் ஓய்ந்தது.

"சைரனுக்குத் தனியா ஒரு சின்ன பேட்டரி இருக்கு. பெட்டி செத்தா, யாரோ வயர வெட்டிட்டாங்கன்னு நெனச்சு அது கத்தும். நீங்க மெயின அணைச்சிட்டுப் போனதும் இந்த வீணாப்போன பேட்டரி ரெண்டு மணி நேரம் தாங்கியிருக்கும். அப்புறம் பெட்டி செத்திருக்கும், சைரன் அடிச்சிருக்கும். சரி, இப்ப மணி என்ன?"

"பத்தே முக்கால்" என்றார் டீச்சர்.

"பெட்டி என்ன சொல்லுது பாருங்க."

சக்கரபாணி எழுந்து போய்ப் பார்த்தார். கண்ணாடியில் இரவு 12:00 என்று இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே 12:01 ஆனது.

"செத்துப் பொழைச்சா அதுக்கு எப்பவுமே நடுராத்திரிதான் சார். பன்னெண்டுலேர்ந்துதான் எண்ண ஆரம்பிக்கும். அக்கா மூணு மணிக்கு வந்து மெயினப் போட்டிருக்காங்க, நம்பரத் தட்டியிருக்காங்க. பெட்டி பன்னெண்டு ஒண்ணுன்னு எழுதிக்கிச்சு. வேலைய முடிச்சிப் பூட்டினது ஒண்ணே முக்கால். ராத்திரி யாரும் வரல."

சக்கரபாணிக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. கோபி பட்டனைத் தட்டி அந்த வரிசையில் ஒன்றைத் தேடி நிறுத்தினார்.

"ஒண்ணாம் நம்பர் யாரு?"

"நான்தான்."

"நேத்து எப்ப வந்தீங்க?"

"காலையில பத்தரை மணிக்கு."

"இங்க ராத்திரி பன்னெண்டு ரெண்டுன்னு இருக்கே. நீங்க மட்டும் எதுக்கு சார் நடுராத்திரில வந்தீங்க?"

நேற்று அத்தனை வரிகளையும் தள்ளித் தள்ளிப் படித்தவர், மூன்றாம் நம்பரை மட்டும்தான் படித்திருக்கிறார். தன் நம்பருக்கு எதிரே என்ன மணி இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. மனிதர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அமலா" என்றார். பட்டன் பலகையைப் பார்த்தபடியே, "சாவி உன்கிட்டயே இருக்கட்டும்மா. நான்தான் அவசரப்பட்டுட்டேன். மன்னிச்சிடு" என்றார்.

அமலாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. வரவில்லை! அவள் வரவே இல்லை! தூக்கத்தில் நடக்கவும் இல்லை, பைத்தியமும் இல்லை. மாதாவே என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

கோபி புது பேட்டரியை எடுக்கப் பைக்குள் கையை விட்டவர், ஏதோ நினைவுக்கு வந்தவராக நிமிர்ந்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத, வெறும் ஆச்சரியம்தான்.

"அப்போ, இவரு எதுக்குத் தான் வந்ததா ஒத்துக்கினாரு?"

எல்லோரும் தென்னரசுவைப் பார்த்தார்கள். அவன் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தான்.

அமலா பின்னால் போனாள். அவன் வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தான். அவன் குடிக்கவில்லை. மூன்று வருடமும் நிஜம்தான். அது அவளுக்கு எவ்வளவு பெரிய சந்தோஷமாக இருக்க வேண்டும்! சந்தோஷமாகத்தான் இருந்தது. இவ்வளவு பேர் முன்னால் தன் மானத்தைக் கழற்றி வைத்து அவளை மூடியிருக்கிறான். தாலி கட்டிய நாளிலிருந்து அவள் அவனை இவ்வளவு பெரியவனாக நினைத்ததில்லை. ஆனால் அதற்கு அடியில் வேறு ஒன்று முள்ளாகக் குத்தியது. என்ன அது என்று தெரிய அவளுக்குக் கேட் வரை நடக்க வேண்டியிருந்தது.

"நீ வரலன்னு உனுக்குத் தெரியும்" என்றாள்.

"ம்."

"அப்போ வந்தது நான்தான்னு நெனச்சியா?"

அவன் வண்டியைத் துடைத்தான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"ஸ்டேஷனுக்கு உன்னக் கூட்டினு போயிடுவாங்கன்னுதான் நெனச்சேன். அது ஒண்ணுதான் மண்டையில ஓடிக்கினு இருந்துச்சு."

"நான் அதக் கேக்கல. ராத்திரில நான் இங்க வந்துக்கினு இருந்தேன்னு நெனச்சியா, இல்லியா?"

இல்லை என்று அவன் சொன்னால் போதும். பொய்யென்று தெரிந்தாலும் பரவாயில்லை, நம்பிக்கொள்ள அவள் தயாராக இருந்தாள். அவனும் அவளை அப்படியே பார்த்தான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அத்தனை பேர் முன்னால் கொஞ்சமும் தடுமாறாமல் அவ்வளவு பெரிய பொய்யைச் சொன்ன மனுஷனுக்கு, இப்போது இந்தச் சின்னப் பொய்யைச் சொல்ல வாய் வரவில்லை.

"நெனச்சேன்" என்றான். "நான் குடிச்சேன்னு நீயும்தான் நம்பின."

கோபப்படுவதா, அவன் காலில் விழுவதா என்று அமலாவுக்குத் தெரியவில்லை. அவன் வண்டியைக் கிளப்பினான், அது உறுமிக்கொண்டு நின்றது. அவள் ஏறி உட்காரவில்லை, போகவும் இல்லை. சற்று முன்னால் தான் அறைந்த அந்தத் தோளையே பார்த்துக்கொண்டு வெயிலில் நின்றாள்.